பூனையும் அமானிதமே



மும்பை வெர்சோவாவில் ‘கேட் கஃபே ஸ்டுடியோ’, தெருவிலிருந்து மீட்கப்பட்ட பூனைகள் உலவும் காப்பியகமாகத் தொடங்கப்பட்டது. வருவோர் அவற்றோடு பழகவும், விரும்பினால் தத்தெடுக்கவும் அங்கு வழி செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஓக்லாந்திலும் 2014இல் இத்தகைய இடம் ஒன்று திறக்கப்பட்டது.

திண்டுக்கல் பேகம்பூரில் பூனைகளோடு பழக இறைச்சிக்கடை வாசலே போதும். ஆனால், வீட்டில் பூனை ஈன்றால் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவருவோரும் நம்மில் உண்டு.

“பூனையை அடைத்து வைத்த பெண் நரகம் சென்றாளே, அப்படியானால் வெளியே விட்டுவிடுவது நல்லதுதானே, ஹஜ்ரத்?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

புகாரியில் பதிவான அந்த ஹதீஸை முழுமையாகப் பார்க்க வேண்டும். அவள் உணவும் அளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. இரை தேடத் தெரியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துச் சந்தையில் விடுவது விடுதலையன்று. பட்டினிக்கு வேறொரு வாசல்.

தத்துக் கொடுப்போர் முதலில் விசாரிப்பார்கள்: வீட்டார் அனைவரும் சம்மதமா? ஊருக்குச் சென்றால் யார் உணவளிப்பார்? இக்கேள்விகள் அந்த ஹதீஸின் விளக்கவுரையாகவே எனக்குத் தோன்றுகின்றன. கொஞ்சுவது சில நிமிடம், அமானிதமோ பல்லாண்டு.

வளர்க்க இயலாதோர், குட்டிகள் வளரும்வரை தாயோடு இருக்க இடமளியுங்கள். வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிறைப்பானாக! ஆமீன்.