மலிவுக் கட்டைகளும் மலையகத்துக் குழந்தைகளும்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் ஹட்டன் நகரத்துப் பேன்சிக் கடை ஒன்றின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். எமது தாய்மாரின் மனக்கணக்கு முழுவதும் அங்கே தெரியும். பிள்ளைகளுக்குச் சட்டை, மாமியாருக்குச் சேலை, எண்ணெய், மா, சீனி எல்லாம் முடிந்து, கையில் மிஞ்சிய நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கட்டப் பொட்டி என்ன வெல?" என்று கேட்பார்கள். பெட்டியின் மேல் கோட்டை, தீயணைப்பு வண்டி, பாரந்தூக்கி என்று கண்ணைப் பறிக்கும் படம் இருக்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். டென்மார்க் கம்பனியின் லெகோ அல்ல. அதைப் பார்த்துச் செய்யப்பட்ட, பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள்.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சகோதரிகள் கேட்கலாம். தோட்டங்களில் தாய்மார் குழுக்களோடு வேலை செய்யும் எனக்கும் இது ஒரு விளையாட்டுச் சாமானாகவே இருந்தது, ஒரு தாய் சொன்ன வார்த்தையைக் கேட்கும்வரை. "எங்க புள்ளைக்கு அந்தளவுக்கு மூள இல்ல மிஸ். படத்துல இருக்கிற மாதிரி ஒண்ணும் வரல்ல. நானும் மாட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியல்ல. நம்ம மண்ட அவ்வளவுதான்." பக்கத்தில் நின்ற ஏழு வயது மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தீபாவளிக்கு அந்தத் தாய் வாங்கிய பெட்டியின் விலை 1250 ரூபா. ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்தெடுத்த கூலியைக் கொடுத்து, தன் பிள்ளைக்கு மூளை இல்லை என்ற முடிவை வாங்கி வந்திருக்கிறார். அது உண்மைதானா, பெட்டி சொன்ன பொய்யா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

எண்ணிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

ஹட்டன் கடைகளில் வெவ்வேறு விலையில் மூன்று பெட்டிகளும், நிறுவையில் விற்கும் பெரிய கட்டைப் பை ஒன்றும் வாங்கினேன். அந்தத் தாயின் பெட்டியையும் சேர்த்து ஐந்து. தோட்டத்து வாசிகசாலையில் பாய் விரித்துப் பதினொரு தாய்மாரும் பிள்ளைகளுமாக உட்கார்ந்தோம். கொப்பியில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டேன். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை சரியா? கட்டைகள் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா? பிள்ளையால் கழற்ற முடிகிறதா? விளக்கப் படத்தைப் பார்த்துக் கட்ட முடிகிறதா? வாசனை, கூர்மை, சாயம் எப்படி?

முதலில் எண்ணினோம். 120 துண்டுகள் என்று அச்சிட்ட பெட்டியில் 113 இருந்தன. தீயணைப்பு வண்டிக்குச் சக்கரம் நான்கு, அச்சு ஒன்று. எண்ணி முடித்ததும் ஒரு அக்கா சிரித்தார். "தராசுல கிலோ கொறைக்கிற மாதிரி இதுலயும் கொறைக்கிறாங்க மிஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த கசப்பைத் தோட்டத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிடிப்பு. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் இதில் என்னை வியக்கவைத்தன. நான் அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் தொட்டுப் பார்த்தே தளர்ந்த கட்டையை ஒரு பக்கமும் இறுகிய கட்டையை மறு பக்கமுமாகப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பெட்டியில் கட்டைகள் மிகவும் தளர்வு. ஆறு வரிசை எழும்பியதும் சுவர் சரிந்தது. இன்னொன்றில் மிகவும் இறுக்கம். மார்கழிக் குளிரில் விரைத்த சின்ன விரல்களால் கழற்ற முடியாமல் பிள்ளைகள் பல்லால் கடித்தார்கள். விளக்கப் படமோ தபால் முத்திரையளவு. கறுப்பும் கடும் சாம்பலும் ஒரே நிறமாக அச்சாகியிருந்தன. நான்காம் படத்துக்கும் ஐந்தாம் படத்துக்கும் இடையில் ஒன்பது துண்டுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன! லயத்து அறையின் மங்கிய வெளிச்சத்தில் அதைப் பார்த்து யாரால் கட்ட முடியும்? அந்தத் தாயின் பெட்டி இதுதான்.

பிறகு அதே பையனிடம் பெரிய கட்டைப் பையைக் கொடுத்தோம். விலை 900 ரூபா. படமும் இல்லை, விளக்கமும் இல்லை. கட்டைகள் மட்டும் நன்றாகப் பொருந்தின. அரை மணித்தியாலத்தில் அவன் தேயிலை மூட்டை ஏற்றும் லொறி ஒன்றைக் கட்டினான். பின் கதவு திறந்து மூடியது. அம்மா ஒன்றும் பேசவில்லை. லொறியைக் கையில் எடுத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாகப் பாயில் வைத்தார்.

கட்டை எப்படிப் பிடிக்கிறது?

பொருத்தும் கட்டையின் இரகசியம் மிகச் சிறிய அளவுகளில் இருக்கிறது. மேலே இருக்கும் குமிழுக்கும் கீழே இருக்கும் குழாய்க்கும் இடையில் மயிரிழை இறுக்கம் வேண்டும். அழுத்தும்போது பிளாஸ்டிக் சற்றே வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. அச்சு தேய்ந்திருந்தாலோ, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்திருந்தாலோ, வார்த்த பின் சுருக்கம் சீராக இராது. ஒரு கட்டை தளரும், அடுத்தது இறுகும். லெகோவின் விலைக்கு ஒரு காரணம் இந்தத் துல்லியம்தான்.

அப்படியானால் மலிவுக் கட்டை எல்லாம் மோசமா? இல்லை. லெகோவின் கதையே இதற்குச் சான்று. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களிலிருந்து 1934இல் லெகோ என்ற பெயர் பிறந்தது. 1949இல் அந்தக் கம்பனி வெளியிட்ட பிளாஸ்டிக் கட்டை, ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் தமது கிடிகிராஃப்ட் கம்பனிக்காக உருவாக்கிய கட்டையை மாதிரியாகக் கொண்டது. உள்ளே குழாய் வைத்துப் பிடிப்பை உறுதியாக்கும் முறைக்கு 1958 ஜனவரி 28இல் லெகோ காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்தக் காப்புரிமையும் காலாவதியானது. கட்டையின் வடிவத்தை யாரும் செய்யலாம் என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் உறுதிசெய்தன.

ஆனால் இன்னொருவரின் பெட்டிப் படத்தையும் மாதிரியையும் அப்படியே திருடுவது வேறு விடயம். அப்படிச் செய்த லெப்பின் என்ற சீன உற்பத்தியின் தொழிற்சாலைகளில் 2019இல் பொலிசார் சோதனை நடத்தினர். 2020இல் ஷங்காய் நீதிமன்றம் அதன் தலைவருக்கு ஆறு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. ஆகவே பெயர் தெரியாத கட்டை என்பதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அது நேர்மையாகச் செய்யப்பட்டதா, பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கா?

ஜெர்மனியில் பிரெடரிக் ஃபுரோபெல் என்ற ஆசிரியர் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான கல்விநிலையம் ஒன்றை ஆரம்பித்தார். எட்டுச் சிறு மரக்கட்டைகள் சேர்ந்து ஒரு பெரிய கட்டையாகும் விளையாட்டுச் சாமானைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். பிரிக்கவும் சேர்க்கவும் தெரிந்த கை, கணக்கையும் விளங்கிக்கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. இன்றைய பாலர் பாடசாலைகளின் தொடக்கம் அதுதான். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறை 915,103,765 விதமாகப் பொருத்தலாம் என்று கணித மேதைகள் கணக்கிட்டுள்ளார்கள். ஆறே கட்டைகள்! பெட்டியின் மேலுள்ள படம் அதில் ஒன்றே ஒன்று.

விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாக 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தனது 31ஆம் உறுப்புரையில் ஏற்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த உரிமை எமது பெண்பிள்ளைகளுக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா? வாசிகசாலையில் கட்டைகளைக் கொட்டியவுடன் பையன்கள் பாய்ந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தம்பியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு வீடு கட்டினாள். லயம் போல ஒட்டி ஒட்டி அல்ல. பாயின் நடுவில் தனியாக ஒரு வீடு. சுற்றிவர யாரையும் கட்டை வைக்க விடவில்லை. "ஏன் இவ்வளவு இடம்?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுச் சண்ட எங்களுக்குக் கேக்கக் கூடாது. எங்க வீட்டுச் சண்ட அவங்களுக்கும் கேக்கக் கூடாது" என்றாள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வளர்ந்த பிள்ளையின் சொல் அது. இந்திய உதவியுடன் மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் கட்டப்பட்ட திட்டத்தை நாம் அறிவோம். தனி வீடு என்ற அந்தக் கோரிக்கையை எமது தொழிற்சங்கங்கள் மேடையில் நின்று பேசின. அந்தப் பிள்ளை இருபத்தெட்டுக் கட்டையில் அதையே பேசியது.

வாங்குமுன் கவனியுங்கள்

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்குச் சின்னக் கட்டை வேண்டவே வேண்டாம். ஒரே அறையில் எல்லோரும் வாழும்போது அக்காவின் கட்டை தங்கையின் வாய்க்குப் போக ஒரு நிமிடம் போதும். தொண்டையில் அடைத்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளையின் வாய்க்குள் அடங்காத பெரிய கட்டைகளே அவர்களுக்கு ஏற்றவை.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான்கு கட்டைகளைப் பொருத்தி, மேல் கட்டையைப் பிடித்துத் தூக்குங்கள், விழக்கூடாது. பிள்ளையிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பல் உதவிக்குப் போகக்கூடாது. ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், சாயம் ஒட்டக்கூடாது. ஓரங்களை விரலால் தடவுங்கள். மண்ணெண்ணெய் போல் வாடை அடித்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

எமது குழுவில் மூன்று தாய்மார் அந்த 113 கட்டைகளையும் எண்ணிய தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். முதலாளி முதலில், "இதையெல்லாம் யாரு எண்ணுவா?" என்றாராம். "நாங்க எண்ணுனோம்" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். வேறு பெட்டி கிடைத்தது. அதையும் கடையிலேயே எண்ணிவிட்டுத்தான் வந்தார்கள்.

இப்போது அந்தக் குழு மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபா சேர்க்கிறது. பெரிய கட்டைப் பைகள் இரண்டு வாசிகசாலையில் பொதுவில் இருக்கின்றன. வாரம் ஒரு வீடாகப் போய்வருகின்றன. திரும்பி வரும்போது எண்ணி வாங்குவதும் எழுதி வைப்பதும் அந்த ஒன்பது வயதுச் சிறுமியின் பொறுப்பு. உங்கள் தோட்டத்திலும் இதைச் செய்யலாம். பெரிய பணம் தேவையில்லை.

அன்பான தாய்மாரே, உங்கள் பிள்ளை கட்டும் சுவர் சரிந்தால், பிள்ளையைக் குறை சொல்லுமுன் அந்தக் கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல கொழுந்தையும் முற்றிய இலையையும் தொட்டே பிரிக்கும் உங்கள் விரல்களுக்கு இதுவும் தெரியும்.