கியூபாவுக்குப் போன ஆப்பிரிக்கத் தெய்வங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் பெருமளவில் அடிமைகளாகக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஸ்பானிய ஆட்சி அவர்களுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்தது. அவர்களோ தங்கள் ஒரிஷா தெய்வங்களைப் புனிதர்களோடு இணைத்துக்கொண்டனர். இடிக்கு அதிபதியான சாங்கோ, புனித பார்பராவின் உருவில் வணங்கப்பட்டார். அந்தப் புனிதையின் டிசம்பர் 4 திருநாள் சாங்கோவுக்கும் உரியதானது. சாங்கோவுக்குரிய சிவப்பு, வெள்ளை மணிமாலையைப் பக்தர்கள் இன்றும் அணிகின்றனர். 'கபில்டோ' என்ற சங்கங்கள் மேளத்தையும் யொரூபா வழிபாட்டுப் பாடல்களையும் காத்தன. 1959 புரட்சிக்குப் பின் வெளியேறியவர்களோடு இவ்வழிபாடு அமெரிக்காவின் மயாமி பகுதியிலும் வேரூன்றியது. அங்குள்ள ஹயலியா நகராட்சி இவ்வழிபாட்டின் அங்கமான விலங்குப் பலியிடலைத் தடைசெய்ய, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. அத்தடை மதச் சுதந்திரத்துக்கு முரணானது என்று 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.