காத்து எந்தப் பக்கம் பாஸ்?

'வங்கக்கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி!' டி.வி-யில் இந்த ஒரு வரி ஓடினால் போதும், எங்க நரிக்குடி டீக்கடையில் அத்தனை பேர் முகமும் மலர்ந்துடும். கண்மாய்க்கு இந்த வருஷமாவது தண்ணி வருமாங்கிற நப்பாசைதான். அதே வரியை அதே நிமிஷம் பாம்பனில் கேட்கிறவருக்கு அடிவயிறு கலங்கும். நாளைக்குப் படகு போகாது. படகு போகலைன்னா அடுப்பு எரியுறது கஷ்டம்.

நரிக்குடி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டி வந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அங்கங்கே கரிமூட்டப் புகை, வெடிச்சுக் கிடக்கிற கண்மாய். தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டித் தீர்த்துட்டு, மலையைத் தாண்டி எங்களுக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஆடியில் அம்மி பறக்குதோ இல்லையோ, கொடியில் காயப்போட்ட சட்டை பக்கத்துத் தெரு வரைக்கும் போகும். மழைக்கு நாங்க ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கணும்.

இங்கேருந்து பாம்பன் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். மணிக்கு 50 கி.மீ வேகத்தில் மேற்கேருந்து அடிக்கிற காத்து கணக்குப்படி ரெண்டு மணி நேரத்தில் அங்கே இருக்கணும். (நிஜக் காத்து இப்படி பஸ் மாதிரி ரூட் போட்டுப் போகாது. சும்மா ஒரு கணக்கு!) எங்க ஊரில் புழுதி கிளப்பிய காத்து, அங்கே போய் அலை கிளப்பும். அந்த அலையைத் தினமும் எப்படி முன்கூட்டியே சொல்றாங்க? வாங்க, மானாமதுரை போய் ராமேஸ்வரம் ரயில் பிடிப்போம்.

தீவுக்குள்ள நுழையும்போதே காத்துதான் வரவேற்கும். பழைய பாம்பன் பாலத்தில் ஒரு காற்றுமானி வெச்சு, அதை சிக்னலோடு இணைச்சிருந்தாங்க. காத்து மணிக்கு 58 கி.மீ-யைத் தாண்டினா சிக்னல் தானா சிவப்புக்கு மாறும். ரயில் காத்துகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுதான் போகும்! 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தாச்சு. காத்தைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை நெருங்கிக்கிட்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே விழுங்கியது. நூத்துக்கும் மேற்பட்டவங்க. அந்த ராத்திரியோட தனுஷ்கோடிங்கிற ஊரும் போச்சு.

பாம்பன் தீவில் இறங்கினா முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இங்கே கடல் ஒண்ணு இல்லை, ரெண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்குப் பக்கத்தைப் 'பெண் கடல்'னும், தெற்குப் பக்கத்தை 'ஆண் கடல்'னும் சொல்வாங்க. ஒண்ணு சாதுவாம், இன்னொண்ணு முரடாம். பெயர் வெச்சது யாருன்னு தெரியலை, ஆனா வாடைக் காலத்தில் வந்து பார்த்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன். ஏன்னா, இந்த சாதுத்தனம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறும். கச்சான் அடிக்கிற மாசங்களில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தெற்குக் கரை குமுறும், வடக்குக் கரை குளம் மாதிரி கிடக்கும். வாடை கிளம்பிட்டா அப்படியே தலைகீழ். (கச்சான்னா தென்மேற்கிலிருந்து வர்ற காத்து. யாழ்ப்பாணத்து நண்பர்கிட்ட கச்சான்னு சொல்லிடாதீங்க, வேர்க்கடலை வாங்கித் தந்துடுவார்.)

அதனால, 'ராமேஸ்வரத்தில் இன்று கடல் எப்படி?'ங்கிறதே பாதிக் கேள்விதான். எந்தப் பக்கம்னும் சேர்த்துக் கேட்கணும்.

பட்டம் கட்டிக்கிட்டுப் பலகையில் பறக்கிற கைட் சர்ஃபிங் பார்ட்டிகள் இந்தத் தீவைத் தேடி வர்றதும் இதுக்குத்தான். வருஷத்தில் ரெண்டு காத்து சீசன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கரை. அவங்களுக்கு 15 முதல் 25 நாட் காத்து இருந்தா கொண்டாட்டம். ஒரு நாட்னா 1.852 கி.மீ. அப்ப 25 நாட் கிட்டத்தட்ட 46 கி.மீ. வானிலை மையம் 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்'னு சொல்ற வேகம் ஏறக்குறைய அங்கேதான் ஆரம்பிக்குது. ஒருத்தருக்கு ஜாலி, இன்னொருத்தருக்கு ஸ்ட்ரைக்!

சரி, கணிப்பு எங்கே தயாராகுது? கடலே இல்லாத ஹைதராபாத்தில்! 1999-ல் தொடங்கின 'இன்காய்ஸ்' என்கிற இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் அங்கேதான் இருக்கு. காற்றுக் கணிப்பை கம்ப்யூட்டர் மாடலுக்குள் கொடுத்து, அலை எவ்வளவு உயரம், எந்தத் திசை, நீரோட்டம் எப்படின்னு தினமும் வெளியிடுறாங்க. 'சமுத்ரா'ன்னு ஆப்பும் இருக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் சறுக்குற இடம் இது. 'அலை உயரம் 2 மீட்டர்'னு போட்டிருந்தா எல்லா அலையும் 2 மீட்டர்னு அர்த்தம் இல்லை. வர்ற அலைகளில் உயரமான மூணில் ஒரு பங்கை மட்டும் எடுத்து ஆவரேஜ் போட்ட நம்பர் அது. அந்தக் கூட்டத்தில் ஒரு அலை நாலு மீட்டரை நெருங்கி வந்து நின்னாலும் கணிப்பு தப்புன்னு சொல்ல முடியாது. இன்டர்னல் மார்க் ஆவரேஜைப் பார்த்து கிளாஸ் டாப்பரை எடை போடுற மாதிரிதான்.

பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். அங்கே எழுறது உள்ளூர்க் காத்து கிளப்புற குட்டையான, செங்குத்தான, அடுத்தடுத்து அறையுற அலை. சின்னப் படகுக்கு அது பெரிய தலைவலி. மன்னார் வளைகுடா தெற்கே திறந்து கிடக்கிறதால, எங்கேயோ கிளம்பின அலையும் விருந்தாளியா வந்து சேரும்.

ஹைதராபாத்தில் போட்ட கணக்கு வலை இழுக்கிறவர் காதுக்குப் போகணுமே? பாம்பனில் 'கடல் ஓசை 90.4'னு மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி 2016 முதல் பேசுது. பாட்டுக்கு நடுவில் காத்து, அலை நிலவரம் வரும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கலைன்னா விசைப்படகு கிளம்பாது. கரையில் நிற்கிறவரை இதெல்லாம் ஓகே. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ சிக்கலே வேற. குமரி மாவட்டத்துக்காரங்க ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தாங்க, செல்போன் டவர் எட்டாத தூரம். புயலும் மளமளன்னு வலுத்துடுச்சு. எத்தனையோ பேர் திரும்பலை. அதுக்கப்புறம் 2019-ல் சாட்டிலைட் வழியா எச்சரிக்கையைக் கொண்டு போற 'ஜெமினி' கருவி வந்தது. என்னைக் கேட்டா, மாடலை எவ்வளவு துல்லியமாக்குறோம்ங்கிறதைவிட இந்தக் கடைசி 50 கிலோமீட்டரைக் கடக்கிறதுதான் பெரிய இன்ஜினீயரிங். ப்ராஜெக்ட் டாபிக் தேடுற ஃபைனல் இயர் மக்களே, நோட் பண்ணுங்க.

இனிமே சொல்லப்போறது நமக்கு, அதாவது ஐ.வி. முடிச்சிட்டு பஸ்ஸை நேரா பீச்சுக்கு விடச் சொல்ற கூட்டத்துக்கு. 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் பீச். நம்ம வயசு மருத்துவ மாணவர்கள் கும்பலா போனாங்க. அலை இழுத்துட்டுப் போனதில் அஞ்சு பேர் இறந்துட்டாங்க. அன்னிக்குப் புயல் எதுவும் இல்லை. வந்தது 'கள்ளக்கடல்'. பேரிலேயே இருக்கு பாருங்க, திருடன் மாதிரி சத்தமில்லாம வரும்.

மெக்கானிக்ஸ் சிம்பிள். நம்ம ஊருக்குப் பல ஆயிரம் கி.மீ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடியில் ஒரு பெரும் புயல் அடிக்குது. அதில் பிறந்த நீள அலை ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 16 விநாடி இடைவெளின்னு வெச்சுக்குங்க. ஆழ்கடலில் அந்த அலைக் கூட்டம் மணிக்கு சுமார் 45 கி.மீ-யில் நகரும். 8,000 கி.மீ கடக்க ஏழரை நாள். வந்து சேரும்போது புயல் செத்து ஒரு வாரமாகியிருக்கும், இங்கே காத்தும் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். ஆனா ஏழு நாள் பயணம்னா ஏழு நாள் அவகாசமும் இருக்குன்னுதானே அர்த்தம்? லெமூர் சம்பவத்துக்கு முன்னாடியே இன்காய்ஸ் எச்சரிக்கை வந்திருந்தது. அந்தத் தகவல் இருந்த இடத்துக்கும் அந்தப் பசங்க நின்ன இடத்துக்கும் நடுவில்தான் எங்கேயோ அறுந்துபோச்சு.

அதனால கணிப்பைத் திறந்தா உயரத்தை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. பக்கத்திலேயே 'பீரியட்'னு விநாடிக் கணக்கு இருக்கும். அஞ்சு, ஆறுன்னு இருந்தா உள்ளூர்க் காத்து அலை. பதினஞ்சைத் தாண்டினா, உயரம் ஒரு மீட்டர்னு போட்டிருந்தாலும் கரையில் கால் நனைக்கிறதோட நிறுத்திக்குங்க.

அரிச்சல்முனை போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரோடு முடியுற இடத்தில் கிழக்கே பார்த்து நின்னா இடது கைப் பக்கம் பாக் நீரிணை, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. ஆடி மாசம் போனீங்கன்னா வலது பக்கம் கொந்தளிக்கும், பார்த்தாலே பயம் வந்துடும், யாரும் இறங்க மாட்டாங்க. இடது பக்கம்தான் ஆளை ஏமாத்தும். தண்ணி அசையாம இருக்கும், ஆனா காத்து கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். டியூப், பந்துன்னு மிதக்கிற எதை விட்டாலும் ராமேஸ்வரத்துக்குத் திரும்பி வராது, அதைப் பிடிக்கப் போற ஆளும் அப்படித்தான். முனையில் ரெண்டு கடலும் சேர்ற இடத்தில் நீரோட்டம் எந்த மாசமும் மோசம், அங்கே செல்ஃபியோட சரி.

டிசம்பரில் போறவங்க இடது வலதை மட்டும் மாத்திப் படிச்சுக்குங்க.