எக்ஸைக் கண்டுபிடி

சிகாகோ
அக்டோபர்



பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் அண்ணன் மகள் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். மதிப்பெண்ணில் குறையில்லை, கட்டுரைதான் தகராறு. பழைய கேள்வித்தாள்களைக் கரைத்துக் குடித்த பியூசி மாணவிக்கு வாய்த்த தலைப்பு: 'எக்ஸைக் கண்டுபிடி.' சமன்பாடு கிடையாது. ஆப்பிளையும் ஆரஞ்சையும் எப்படி ஒப்பிடுவது என்றும் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் அனுப்பும் கேள்விகள் இவை. பழைய கேள்வியையும் எடுத்துக்கொள்ளலாம், சொந்தமாகவும் ஒன்றை உண்டாக்கலாம்.

"மாடல் ஆன்சர் கிடைக்குமா பாரும்மா" என்றார் அண்ணன். சி.இ.டி. நுழைவுத்தேர்வுக் கோச்சிங்குக்குப் பணம் கட்டிப் பழகியவர்.

மாடல் ஆன்சர் இல்லை. வழிகாட்ட ஒருவர் இருக்கிறார்: மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1960-களின் தொடக்கம் முதல் 1993-இல் மறையும்வரை இதே பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஏ.கே. ராமானுஜன். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 'இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா?' என்று கேட்கும் அவருடைய 1989 கட்டுரை, பதிலைத் தேடி ஓடுவதில்லை. கேள்வியின் சொற்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படிக்கிறது. 'உண்டா'வை அழுத்தினால் ஒரு கேள்வி. 'ஒன்று' என்பதை அழுத்தினால் வேறு கேள்வி. 'இந்திய', 'சிந்தனை' என்று நகர நகரக் கேள்வியே மாறிக்கொண்டு போகிறது.

அதையே இவளையும் செய்யச் சொன்னேன். 'கண்டுபிடி'யை அழுத்தினாள். தொலைந்தது பொருளா, ஆளா, இடமா? இடம் என்றதும் சிரித்துவிட்டாள். பெங்களூரு முகவரிகளில் குறுக்குத்தெருவைக் கிராஸ் என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் எக்ஸ் போடுவார்கள். "அத்தை, சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் தினமும் எக்ஸைத்தானே தேடுகிறார்கள்! மெயின் ரோட்டைச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள், கிராஸில்தான் கோட்டைவிட்டுப் போன் பண்ணுகிறார்கள்."

அங்கிருந்து கட்டுரை தானாக நடந்தது. தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண் ஏன்? மெயினும் கிராஸும் கட்டம் போட்டதுபோல் ஏன்? தேடிப் போனவள் 1898 பிளேக்கில் போய் நின்றாள். பழைய நகரமான பேட்டையின் நெரிசலுக்கு அஞ்சியவர்கள், காற்றோட்டமான தெருக்களைத் தேடிக் குடியேறி வளர்த்த பகுதிகளில் மல்லேஸ்வரமும் ஒன்று. கணக்கில் தொடங்கிய தலைப்பு நகரத்தின் கதையாகிவிட்டது.

அண்ணனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை; ஒலிம்பியாட் சான்றிதழை எங்கே நுழைப்பது என்கிறார். அதற்குப் படிவத்தில் தனி இடம் இருக்கிறது. விடை தெரியாத கேள்வி எதிரே வந்தால் பெண் பயப்படுவாளா, விளையாடுவாளா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. அதை விலைக்கு வாங்கிக் கொடுத்தால், கல்லூரியில் இடம் கிடைப்பது எழுதிக்கொடுத்தவருக்குத்தான் நியாயம்.

அன்புடன்,
உங்கள் சிகாகோக்காரி