எட்டா, நான்கா?

பைத்தான் நிரல்மொழியைப் புதிதாகக் கற்போர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைகின்றன. 5, 7 ஆகிய இரண்டையும் உள்ளிட்டுக் கூட்டச் சொன்னால் 12 வராமல் 57 வருவது ஏன்? விசைப்பலகை வழியே வருவதைப் பைத்தான் எழுத்தாகவே ஏற்கிறது. எண்ணாக மாற்றும்படி நிரல் எழுதுபவரே கட்டளையிட வேண்டும். முதல் எழுத்தின் இடம் 0 ஆவது ஏன்? தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே அங்குக் கணக்கு.

விக்ரோலியில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றினும் கடினமான வினா ஒன்று எழும். தன் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டி, நீளம் காட்டும் ‘லென்’ கட்டளையை இட்டால் திரையில் 8 தோன்றும். பாட்டி விரல்விட்டு எண்ணச் சொல்லித்தந்த கணக்கிலோ வி, க், ரோ, லி என நான்கே. இரயில் நிலையப் பலகையிலுள்ள ஆங்கிலப் பெயருக்கும் 8 வரும். அது கண்ணால் எண்ணினாலும் எட்டுதான். அருகில் அமர்ந்திருக்கும் மராத்தி மாணவன் தேவநாகரியில் தட்டினாலும் 8 வரும், அவனும் விழிப்பான்.

வாரத்தில் சில பாடவேளைகளே தமிழ் படிக்கும் பிள்ளை, பாட்டியின் கணக்குத்தான் தவறு என்று எண்ணிவிடக்கூடும். அது தவறன்று. ‘லென்’ எண்ணுவது எழுத்துகளை அன்று, யூனிகோடு குறியீடுகளை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. தமிழ் எழுத்துகளோ 247. உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் அங்குத் தனியிடம் இல்லை. ஆகவே ‘லி’ என்பது லகரமும் மேல்விலங்கும் சேர்ந்து இரண்டாகிறது. ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டாகிறது.

இலக்கணம் இதற்கு எதிர்த்திசையில் செல்வது சுவையானது. இலக்கணத்தில் ‘க்’ முதலில் நிற்கும். அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கும். கணினியில் ‘க’ முதலில் நிற்கும்; புள்ளி சேர்ந்து ‘க்’ பிறக்கும். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே கூறுவதால், கணினியின் வழியை அயல்வழி என்று முற்றிலும் தள்ளவும் இயலாது. அது எழுதும் கையின் கணக்கு. மற்றது ஒலிக்கும் நாவின் கணக்கு.

தமிழ் முறைப்படி எழுத்துகளைப் பிரித்துத் தர ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற பைத்தான் தொகுப்பு உள்ளது. அஃது இல்லாமலும் முயலலாம். புள்ளியையும் துணைக்குறிகளையும் எண்ணாமல் தாண்டிச் செல்லும் சிறு சுழல் ஒன்றை எழுதினால், ‘விக்ரோலி’ நான்காகும். ‘மும்பை’ ஆறிலிருந்து மூன்றாகும். பைத்தான் 3 பதிப்பில் மாறிக்கு ‘ஊர்’ என்று தமிழிலேயே பெயரிடலாம். ‘லக்ஷ்மி’ என்னும் பெயரில் மட்டும் அந்தச் சுழல் தடுமாறும். ஒரே வடிவாக நிற்கும் ‘க்ஷ’வை அது இரண்டாக எண்ணிவிடும்; அதற்கு நிரலில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.