ஆத்தங்குடித் தரையும் ஈரக்கால் பிள்ளைகளும்

தம்மாமில் பணிபுரியும் என் தம்பி கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய அறைத் தோழர் ஒருவர் தம் ஊரில் கட்டி முடித்த புது வீட்டின் கூடம் அது. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட வெள்ளை வெளேரென்ற டைல்ஸ். மேலே தொங்கிய சரவிளக்கு தரைக்குள்ளும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “அண்ணே, நம் வீட்டுக்கும் இதேதான் வேண்டும். குனிந்தால் முகம் தெரிய வேண்டும்” என்று கீழே எழுதியிருந்தான்.

பதினொரு ஆண்டுகள் பாலைவன வெயிலில் உழைத்தவன் கேட்கும்போது மறுக்க மனம் வருமா? வீடு இளையான்குடியில் எழுந்துகொண்டிருந்தது. பணம் அவனுடையது; பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தத் தரையில் நடமாடப் போகிறவர்களோ அவன் மனைவி, நான்கு வயதும் ஒன்றரை வயதுமான இரு பிள்ளைகள், எழுபதைக் கடந்த எங்கள் அம்மா.

படத்தைப் பார்த்ததும் என் கண் தானாகவே என் இளைய மகளின் முகவாய்க் கட்டையை நாடியது. அங்கே ஒரு தழும்பு உண்டு. 2018-இல் என் சொந்த வீட்டுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தவன் நானே. கடையில் அதன்மேல் நடந்தும் பார்த்தேன். கடையில் ஈரமில்லை, என் காலிலோ செருப்பிருந்தது. மறு ஆண்டு ஒரு மஃரிப் நேரம். பாங்கு சொன்னதும், மூன்று வயது மகள் தன் பாட்டியைப் பார்த்துத் தானும் உளூச் செய்துவிட்டு, சொட்டச் சொட்ட ஈரக்காலோடு முஸல்லாவை நோக்கி ஓடிவந்தாள். கூடத்தின் நடுவில் கால் வழுக்கிற்று. நான்கு தையல். கடைக்காரர் மீது எனக்கு வருத்தமில்லை; முகம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கியது என் பிழை.

ஆகவே தம்பிக்கு உடனே பதில் எழுதாமல், மதரஸா விடுமுறையில் ஒரு நாள் ஆத்தங்குடிக்குப் புறப்பட்டேன். உடன் ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவர் நெடுநாளாக அவ்வூர்த் தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவகங்கையில் பேருந்து மாறிக் காரைக்குடிக்குச் செல்லும் வழியெங்கும் நமக்குப் பழகிய காட்சிதான். வறண்ட கண்மாய்கள், சீமைக் கருவேலம், இடையிடையே பனை. காரைக்குடியைக் கடந்த பிறகு ஊர்களின் முகம் மாறுகிறது. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகள். பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டியவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலேற்றி வந்து கட்டியவை. கடல் கடந்து சம்பாதித்து ஊரில் வீடு கட்டும் வழக்கத்தில் அவர்களுக்கும் நம்மவர்க்கும் அதிக வேறுபாடில்லை என்று எண்ணிக்கொண்டேன். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அதிலும் வேறுபாடில்லை.

ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்யுமிடம் என்றால் பெரிய ஆலையென்று நினைத்திருந்தேன். நான் கண்டது ஒரு நீண்ட கொட்டகை, மணற்குவியல், தண்ணீர்த் தொட்டி, பத்துப் பன்னிரண்டு பேர். சூளை இல்லை; நெருப்பே இல்லை. தரையில் சம்மணமிட்டிருந்த கைவினைஞர் ஒரு சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினார். சட்டத்துக்குள் பூவடிவில் தடுப்புகள் கொண்ட அச்சு. கூழ்போல் கரைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் மொண்டு, ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வொரு நிறமாக ஊற்றினார். அச்சைத் தூக்கினார், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவினார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அதற்கும் மேலே கலவையை அள்ளி வைத்துக் கரணையால் அழுத்திச் சமன் செய்தார். ஒரு கல் முடிந்தது. அடுத்த கண்ணாடியை எடுத்துவிட்டார்.

காய்ந்த கற்களைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் உலர்த்துகிறார்கள். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. மெருகுப் பூச்சு ஏதுமில்லை. நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்வதால், பிள்ளைகள் அம்மிக்குழவியைப் போட்டு ஓரம் சிறிது பெயர்ந்தாலும், மேலே மட்டும் மெருகிட்ட டைல்ஸைப் போல உள்ளே வேறு நிறம் பல்லிளிப்பதில்லை.

“பாய், இதில் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். பூட்டி வைத்த வீட்டில் மங்கிப் போகும்” என்றார் அந்தக் கைவினைஞர். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தரை உண்டா என்று மகிழ்ந்துபோனேன்.

ஆயினும் என் மகளின் தழும்பு நினைவிலிருந்ததால், ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைத்திருந்த தரையில் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். வழுக்கியது! பளபளப்பான வெள்ளை டைல்ஸ் அளவுக்கு இல்லை என்றாலும் வழுக்கியது. அவர் மறைக்கவில்லை. “கண்ணாடியில் பிறந்த கல் பாய். குளியலறைக்கு இதைப் போடாதீர்கள். சமையற்கட்டுக்கும் யோசித்துப் போடுங்கள், புளியும் எலுமிச்சையும் இதற்குப் பகை” என்றார். விற்க வந்தவர் வாயிலிருந்து இப்படியொரு சொல் வருவது அபூர்வம்.

மூன்று கற்களை விலைக்கு வாங்கித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் காரைக்குடியில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது கட்டடப் பொறியாளர். கலைப் பட்டதாரியான எனக்கு அரை மணி நேரம் அவரே ஆசிரியரானார். டைல்ஸ் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சும் என்பதே முதற் கேள்வி என்றார். விட்ரிஃபைடு வகை நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சாது. ஆகவே கறை பிடிக்காது. சுவருக்கென்று செய்யப்படும் சாதாரண செராமிக் பத்துப் பங்குக்கு மேலும் உறிஞ்சும். விலை மலிவு என்று அதைத் தரையில் பதிப்பது வீண். மெருகிட்டவற்றில் தேய்மானத்துக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு 3-க்குக் குறையலாகாது.

வழுக்கலுக்கும் அளவு இருப்பதை அன்றுதான் அறிந்தேன். ஆர்-9 தொடங்கி ஆர்-13 வரை ஜெர்மானியர் வகுத்தது. எண் ஏற ஏறப் பிடிமானம் கூடும். “ஆனால் ஹஜ்ரத், அது எண்ணெய் தடவிய சரிவில் செருப்புக் காலோடு நடந்து பார்த்து வகுத்தது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி அளவு உண்டு. நம் வீட்டுக்கு அதையல்லவா கேட்க வேண்டும்?” என்றார். உளூச் செய்துவிட்டு வெறுங்காலோடு நடக்கும் சமுதாயத்தில் பிறந்த எனக்கு அந்தக் கேள்வி கடையில் தோன்றாமல் போயிற்றே!

சுவரைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். ஈயம் கலந்த பெயிண்ட் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; அதனால் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்தக் குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வீட்டின் கதவு சன்னல்களைப் புது வீட்டுக்குப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அவற்றின் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர் தேய்ப்பாகத் தேய்த்தால் கிளம்பும் தூசிதான் ஆபத்து. பல் முளைக்கும் பிள்ளைகள் சன்னல் கட்டையைக் கடிப்பதை எந்தத் தாய் அறியாதவள்? அத்தாவின் காலத்துத் தேக்குக் கதவுகளை அப்படியே மாட்டத் திட்டமிட்டிருந்த நான் அவற்றை ஒதுக்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று கற்களையும் சோதனைக்கு வைத்தோம். ஒன்றில் மஞ்சளும் எண்ணெயும், ஒன்றில் புளித் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும், ஒன்றில் மகளின் பால். காலையில் பார்த்தால், பால் துடைத்ததும் போயிற்று. எண்ணெய் நிழலாக நின்றது. மஞ்சள் அதைவிட அழுத்தமாக நின்றது. எலுமிச்சை பட்ட இடம் மெருகிழந்து வட்டமாக மங்கிவிட்டது. கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் என்னாகும் என்று கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள பளிங்குக்கும் கடப்பைக் கல்லுக்கும் இதே குறைதான். கிரானைட்டுக்கு மட்டும் அந்தக் கவலை மிகக் குறைவு.

ஆகவே ஒரே கல்லை வீடு முழுதும் பதிப்பதென்ற எண்ணத்தைக் கைவிட்டோம். கூடத்துக்கும் பிள்ளைகள் உறங்கும் அறைக்கும் ஆத்தங்குடிக் கல். சமையற்கட்டுக்கு மெருகில்லாத மேட் வகை விட்ரிஃபைடு. குளியலறைக்கும் உளூச் செய்யுமிடத்துக்கும் சொரசொரப்பான சிறிய டைல்ஸ். சிறியதாயிருந்தால் இணைப்புகள் மிகுந்து காலுக்குப் பிடிமானம் கூடும், வாட்டம் கொடுப்பதும் எளிது. உளூச் செய்யும் இடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே ஓரடி உயரம்கூட வேண்டாம், இரண்டு விரல் இறக்கமும் ஒரு தடித்த கால்மிதியும் போதும் என்றார் கொத்தனார். அந்த ஈரம் அங்கேயே நின்றுவிட்டால் கூடத்தில் வழுக்கலுக்கு வேலையில்லை. விட்ரிஃபைடில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைத்தேன். ஐந்தாண்டு கழித்து உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. ஆத்தங்குடிக்கு மூன்று மணி நேரப் பயணம் போதும்.

தம்பியிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. “புது வீடு என்று யார் சொல்வார்கள், அண்ணே?” என்றான். பதினொரு ஆண்டுக் கனவை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கலைத்துவிட்டேனோ என்று எனக்கும் உறுத்தலாகவே இருந்தது. மகளின் தழும்பைப் படமெடுத்து அனுப்பலாமா என்று எண்ணி, அது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அவன் மனைவியே பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள், “சிவப்புப் பூ வேண்டாம், பச்சை போடச் சொல்லுங்கள்” என்று மட்டும் செய்தி வந்தது.

ஆத்தங்குடியிலிருந்தே ஆட்கள் வந்து பதித்தார்கள். நெல் உமி போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அடங்கும்வரை இரண்டு நாள் பிள்ளைகளை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அம்மா ஒரு பத்தமடைப் பாயை விரித்து, ஒன்றரை வயதுப் பேரனை அதில் உட்கார வைத்தார். அவன் பாயைவிட்டு இறங்கித் தவழ்ந்து சென்று, ஒரு பச்சை இதழைக் கிள்ளி எடுக்க முயன்றுகொண்டிருந்தான்.