தொட்டுப் பார்த்தவர்கள்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, அதன் கடைசிக் குறளை நாங்கள் சற்று விரைவாகவே கடந்துவிடுவதுண்டு. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என மருத்துவம் நான்கு கூறுடையது. ஒவ்வொன்றுக்கும் பரிமேலழகர் தரும் உட்பிரிவுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் தேர்வுக்குப் போதும். தக்க மருத்துவரைத் தேடிக் கண்டடையும் வேலையும் அந்த நான்காமவர் தலையில்தான் விழும் என்பதை எங்கள் அண்ணனின் வலது தோள் எங்களுக்குக் கற்றுத் தந்தது. 2023 டிசம்பருக்கும் 2024 பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் நடந்த பாடம் அது.

அண்ணனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் டர்னர். முப்பது ஆண்டுகளாக லேத் இயந்திரத்தின் முன் நின்ற கை. திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் வீடு. மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து, மூன்று நாள் இருளுக்குப் பின் மின்சாரம் திரும்பிய மாலையில், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதற்காக நனைந்த சுவரிலிருந்த மோட்டார் ஸ்டார்ட்டரை அழுத்தினார். மின்சாரம் அவரைப் பிடித்து உதறியது. உயிர் பிழைத்ததே பெரிது என்று அண்ணி அழுதுகொண்டே சொன்னார். வலது தோளில் மட்டும் பொறுக்க முடியாத வலி.

அன்றிரவு சேர்ந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இதயத் துடிப்பைச் சோதித்தார்கள்; நல்ல அக்கறையோடுதான் சோதித்தார்கள். தோளுக்கு முன்புறமிருந்து ஒரே ஓர் எக்ஸ்ரே. எலும்பு முறிவில்லை, மூட்டு விலகவில்லை, தசைநாரில் காயம், மூன்று வாரம் கையைத் தொட்டிலில் போட்டு ஓய்வெடுக்கவும் என்று எழுதித் தந்தார்கள். நாங்களும் அந்தத் தாளைப் படித்து நிம்மதியானோம். உரையை நம்பி மூலத்தைப் படிக்காமல் விடாதீர்கள் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்பவர்கள், உரையை மட்டுமே படித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மூன்று வாரமும் கழிந்தது. வலி குறைந்தது; கைதான் திரும்பவில்லை. வயிற்றோடு ஒட்டிய முன்கையை வெளிப்பக்கம் விலக்க முடியவில்லை. தலை துவட்டிக்கொள்ள முடியவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அண்ணி மட்டும், "இது வலியால நிக்கிற கை இல்லீங்க, எதுலயோ மாட்டிக்கிட்டு நிக்கிற கை" என்றார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் நோயைச் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்பது பின்னால்தான் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் எலும்பென்றால் முதலில் நாவில் வருவது புத்தூர். ஆந்திர எல்லை தாண்டிய அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பச்சிலையும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டும் குடும்பத்தாரின் புகழ், சென்னைத் தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகைகளாகத் தொங்குகிறது. அண்ணியின் தந்தை, அரக்கோணம் போய் ரயில் மாறினால் காலையிலேயே அங்கே இருக்கலாம் என்று புறப்பட்டே விட்டார். அதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் சிறிய மருத்துவமனை நடத்தும் எலும்பு மருத்துவரிடம் அண்ணனை அழைத்துச் சென்றோம். மணிக்கட்டு, கணுக்கால் முறிவுகளுக்கு ஊரார் அவரிடம்தான் போவார்கள்.

அவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கவில்லை. "முதல்ல சட்டையைக் கழட்டுங்க" என்றார். அண்ணனின் பின்னால் போய் நின்று இரு தோள்களின் மேலும் இரு உள்ளங்கைகளையும் வைத்தார். வலது தோளின் முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் புடைத்தும் இருப்பதை, எங்கள் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினார். பிறகு, "கையேந்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றார். இடது உள்ளங்கை வானம் பார்த்து விரிந்தது. வலது கை பக்கவாட்டிலேயே நின்றது.

"நமக்குக் கையேந்திப் பழக்கமில்ல டாக்டர்" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். மருத்துவர் சிரிக்கவில்லை.

தோள்மூட்டுப் பந்து கிண்ணத்திலிருந்து பின்பக்கமாக நழுவி, கிண்ணத்தின் விளிம்பு பந்தில் குழிவிழுத்தி, அந்தக் குழியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். நூறு தோள் விலகல்களில் ஏறத்தாழ தொண்ணூற்றைந்துக்கும் மேல் முன்பக்கமாகத்தான் நழுவும். பின்பக்கம் நழுவுவது இரண்டிலிருந்து ஐந்து பேருக்குத்தான். அவர்களிலும் பலர் வலிப்பு வந்தவர்கள் அல்லது மின்சாரம் தாக்கியவர்கள். கையை உட்புறம் திருப்பும் தசைகள் வெளிப்புறம் திருப்பும் தசைகளைவிட வலியவை. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் சுண்டி இழுக்கும்போது வலியவை வெல்கின்றன. பந்து பின்னால் போகிறது. முன்புறமிருந்து எடுத்த படத்தில் இது ஏறக்குறைய இயல்பாகவே தெரியும் என்பதுதான் சங்கடம். அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்தால் மறைக்க இயலாது.

பழைய எக்ஸ்ரேயை அதன் பிறகுதான் ஒளிப்பெட்டியில் மாட்டினார். உட்புறம் திரும்பிய பந்து, படத்தில் உருண்டையாக மின்விளக்குக் குமிழ் போலத் தெரியுமாம். மருத்துவ நூல்களில் அந்த அடையாளத்துக்குப் பெயரே அதுதானாம். தெரிந்தது. முதல் நாள் இரவிலிருந்தே அந்தப் படத்தில் அது இருந்திருக்கிறது.

புத்தூர் பற்றிக் கேட்டோம். "அவங்க கைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனா இது கட்டி ஒட்ட வைக்கிற முறிவு இல்ல. பூட்டிக்கிட்டிருக்கு, திறக்கணும்" என்றார். நீங்களே திறந்துவிடுங்கள் என்றார் அண்ணி. அவர் தயங்காமல் சொன்னார்: "இதுவரைக்கும் நான் ஒண்ணே ஒண்ணு பண்ணியிருக்கேன்மா. வாராவாரம் தோளையே பார்க்கிறவங்க கையில கொடுங்க. நான் சேர்த்துக்கிட்டா உங்களுக்கு நல்லதில்ல."

இருபது ஆண்டுகளாக எங்களூரில் தொழில் செய்பவர், நோயாளியின் மனைவி கைகூப்பிக் கேட்கும்போது, தம்மால் இயலாதென்று சொல்கிறார். அந்தச் சொல்லின் அருமை அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். முதலில் பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையில். அறைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை அந்த நிபுணரின் கண் திரையை விட்டு அகலவில்லை. "மூட்டு மாற்று அறுவைதான். நாளை மறுநாள் அட்மிஷன்" என்றார். செலவுக் கணக்கு மூன்றே முக்கால் லட்சம் என்று அச்சடித்தே வந்துவிட்டது. அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்கவில்லை. அவர் சொன்னது தவறென்று சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த அறையில் அண்ணன் ஒருமுறைகூடப் பேசவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்களூர் மருத்துவர் எழுதித் தந்த இரண்டாவது பெயர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடையது. மாலையில் மட்டும் நோயாளிகளைப் பார்ப்பவர். அவரும் முதலில் தோளைத்தான் தொட்டார். தோளின் வெளிப்புறத்தில் ஊசிமுனையால் லேசாகத் தீண்டி, தெரிகிறதா என்று கேட்டார். மூட்டைச் சுற்றிச் செல்லும் நரம்பு பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பது அது. பிறகு ஸ்கேனில் குழியின் அகலத்தை அளந்தார். பந்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக, புதிதாக இருந்தால் மயக்கம் கொடுத்து இழுத்தே சேர்த்துவிடலாம். பாதியளவு போய்விட்டால் செயற்கை மூட்டு. இடைப்பட்டதற்கு, 1952இல் மெக்லாலின் என்ற அமெரிக்கர் எழுதிய வழி உண்டு: மூட்டின் முன்னிருக்கும் தசைநாணைப் பிரித்து அந்தக் குழிக்குள் பதித்துத் தைத்துவிடுவது. பின்னர் நீர் என்பவர், நாண் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டோடு பெயர்த்துத் திருகாணியால் பொருத்தும்படி அதைத் திருத்தினார். குழி நிரம்பிவிட்டால் கிண்ணத்தின் விளிம்பு மறுபடி மாட்டிக்கொள்ள இடமிராது.

"ஐம்பத்தொரு வயசுல, இயந்திரத்துல நிக்கிற ஆளுக்கு, சொந்த மூட்டைக் காப்பாத்த வழியிருக்கும்போது அவசரப்பட்டு மாத்தக் கூடாது. செயற்கை மூட்டு தேயும். ஆனா நாள் ஆக ஆக இந்தப் பந்தும் மெதுவாயிடும். ரெண்டு வாரத்துக்குள்ள முடிவு பண்ணுங்க" என்றார்.

முதல் மருத்துவமனை மீதான கோபத்தை அவரிடம் கொட்டினோம். முதல் பரிசோதனையில் பாதியளவாவது தவறவிடப்படும் காயம் இது என்று நூல்கள் சொல்வதை எடுத்துச் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு செய்தி இன்னும் எங்கள் மனதில் நிற்கிறது. பிரான்ஸ் நாட்டு மால்கேன் 1855இலேயே இத்தகைய பின்விலகல்கள் முப்பத்தேழைப் பதிவு செய்திருக்கிறாராம். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். நாற்பது ஆண்டுகளுக்கு முன், படமே இல்லாத காலத்தில், கண்ணாலும் விரலாலும் முப்பத்தேழு பேர்!

அறுவை அவர் செய்வாரா என்று கேட்டோம். தம் வலது கையை மேசைக்கு மேல் நீட்டிக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கின. "சொல்லத்தான் முடியும். செய்யறதுக்கு என் மாணவர் ஒருத்தர் இருக்கார்" என்றார்.

இரண்டு பேர் இயலாதென்று சொன்ன வழியில்தான் மூன்றாமவரிடம் வந்து சேர்ந்தோம். இருந்தும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்ததால், ஆவடியில் உடற்பயிற்சி மருத்துவம் செய்யும் பழைய மாணவியின் கணவரைக் கேட்டோம். அறுவை முடிந்து ஆறு மாதம் அந்தக் கையைப் பிடித்து உயர்த்துபவர்கள் இவர்கள்தானே! யாருடைய நோயாளிக்கு எவ்வளவு தூரம் கை எழுகிறது என்பது இவர்களைவிட யாருக்குத் தெரியும்? பெயரைக் கேட்டதும், "அவர்கிட்ட இருந்து வர்றவங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு எழுதின தாளோட வருவாங்க சார்" என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த அறுவை மருத்துவர், சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையில் இருந்தார். "இந்தக் கை என்னென்ன வேலை செய்யணும்?" என்பதே அவரது முதல் கேள்வி. அண்ணன் எழுந்து நின்று, இல்லாத லேத்தின் முன் இடது கையால் நடித்துக் காட்டினார். சக்கரத்தைச் சுற்றினார், நெம்புகோலை இழுத்தார். மருத்துவர் குறுக்கிடாமல் முழுவதும் பார்த்தார். இதுவரை இப்படி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று, நாக்கு குழற, கேட்டுவிட்டோம். கோபிக்கவில்லை. "பதினோரு பேர். ரெண்டு பேருக்கு நான் நினைச்ச மாதிரி வரலை. அதுல ஒருத்தருக்கு அப்புறம் மூட்டு மாத்த வேண்டியதாச்சு." தாளில் பந்தையும் கிண்ணத்தையும் வரைந்தார். கை முழுதாகத் தலைக்கு மேல் எழும் என்று வாக்குத் தர மாட்டேன், லேத்துக்குத் திரும்புவது உறுதியில்லை என்றார். "தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி மூணு தடவை மனசுல செஞ்சு பார்த்துடுவேன்" என்று அவர் சொன்னபோது அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தார். மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டுக் கோயில் கட்டி முடித்த பூசலாரின் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் போதாதா?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனின் ஊதியம் ஈ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000 ரூபாயைச் சற்றே தாண்டியது. எனவே அது இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. ஆலையின் குழுக் காப்பீடு பெரும்பகுதியைத் தாங்கியது. மீதியை அண்ணியின் வளையல்கள் தாங்கின.

ஜனவரி 11ஆம் நாள் அறுவை நடந்தது. பொங்கலன்று வீட்டிலிருந்தார். வழக்கமான தொட்டிலில் கை வயிற்றோடு ஒட்டியிருக்கும்; இவருக்கோ பந்து மறுபடி பின்னால் போகாதிருக்க, முன்கை நேர் முன்னே நீண்டிருக்கும்படி கட்டியிருந்தார்கள். கைகுலுக்க நீட்டியது போல இருக்கும். தெருப்பிள்ளைகள் வந்து ஒவ்வொருவராகக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஆறு வாரம் அப்படி. பிறகு ஆவடிக்கு நாள் தவறாமல் பயிற்சி. அறுவை பாதி, பயிற்சி மீதி என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த மீதியில் அண்ணன் அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்று கை தோள்மட்டத்துக்குச் சற்று மேல் எழுகிறது. முதுகைத் தொட முடிவதில்லை. 2024 ஜூலையில் வேலைக்குத் திரும்பினார். லேத்துக்கு அல்ல, தர ஆய்வுப் பிரிவுக்கு. மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு பிறர் கடைந்ததை அளக்கிறார். மிகைநேர ஊதியம் இல்லை. இயந்திரச் சத்தத்தைக் கேட்டால் கை அரிக்கிறது என்கிறார். முதல் மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு எழுந்திருக்கும் என்ற கேள்வியை நாங்கள் அவர் முன் கேட்பதில்லை.

தக்க மருத்துவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களிடம் உள்ள விடை சிறியது. படத்தைப் பார்க்கும் முன் உடம்பைத் தொட்டவர், எத்தனை செய்தீர்கள் என்ற கேள்விக்குத் தோல்வியையும் சேர்த்து எண்ணிச் சொன்னவர், இயலாதபோது இயலாதென்றவர் — இவர்கள் பின்னால் போனோம். புகழ்பெற்றவர் யார் என்று விசாரிப்பதற்கு முன், யாரிடம் போகச் சொல்கிறீர்கள் என்று நல்லவர் ஒருவரைக் கேட்டோம். அவ்வளவுதான்.

சென்ற பிரதோஷத்தன்று இருதயாலீஸ்வரர் கோயிலில் வரிசையில் நின்றோம். குருக்கள் சர்க்கரைப் பொங்கலை வைத்தபோது அண்ணன் இரு கைகளையும் சேர்த்து நீட்டினார். வலது உள்ளங்கை முழுதாக விரியவில்லை, சற்றுச் சாய்ந்திருந்தது. பொங்கல் சிந்தவில்லை.